அடுத்தவன் கல்லில் தன் பெயர்

ரோம் போய்வந்தவர்கள் போடும் படங்களில் ஓர் ஒபெலிஸ்க்காவது நிற்கும். பழைய எகிப்தியர் பாணியில், நான்கு பக்கமும் மேலே குறுகிக் கூராக முடியும் உயரமான கல்தூண் அது. பழங்காலத்து ஒபெலிஸ்க்குகள் மட்டும் அந்த ஊரில் 13. எகிப்தில் இன்று நிற்பவற்றைவிட அதிகம்! எல்லோரும் அழகு அழகு என்கிறார்கள். அழகுதான், சரி. எனக்கு அவை ஆட்சியில் இருந்தவர்கள் நட்டுவைத்த கட் அவுட்டுகளாகத்தான் தெரிகின்றன.

வத்திகான் முற்றத்தில் நிற்பதை எகிப்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவன் ரோமப் பேரரசன் கலிகுலா. சுமார் 25 மீட்டர் ஒற்றைக்கல், எகிப்தியச் சித்திர எழுத்து ஒன்றுகூட இல்லை. கீழ்ப்பகுதியில் அவனுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், திபேரியஸ் பெயர்கள் லத்தீனில் இருக்கின்றன. 1586-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் சுமார் 900 ஆட்களையும் குதிரைகளையும் வைத்து இழுத்து, இப்போதுள்ள இடத்தில் நிறுத்தினார். மந்திரித்துப் பேயோட்டி, உச்சியில் சிலுவையும் வைத்தாயிற்று. ஸ்பானியப் படிக்கட்டின் மேலே நிற்பது இன்னும் வேடிக்கை. அதிலுள்ள எழுத்துகள் போப்போலோ சதுக்கத்து ஒபெலிஸ்க்கைப் பார்த்து ரோமிலேயே செதுக்கியவை. அந்தக் காலத்து டூப்ளிகேட்!

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாம். டோகாலி ஒபெலிஸ்க்கை அப்படி விட முடியவில்லை. டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே, யாரும் சீண்டாமல் நிற்கிறது. கல் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸ் காலத்தது. 1887-இல் எரித்திரியாவின் டோகாலியில், நாடுபிடிக்கப் போன இத்தாலியப் படையை எத்தியோப்பியர்கள் அடித்து நொறுக்கினார்கள். செத்த சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்றதும், கையில் கிடைத்தது இந்தக் கல். ஆப்பிரிக்காவில் தோற்றதற்கு ஆப்பிரிக்கக் கல்லிலேயே நினைவுச்சின்னம். யாருக்கும் உறுத்தவில்லை போலும். போதாததற்கு, பின்னாளில் இத்தாலி எத்தியோப்பியாவைப் பிடித்தபோது அதன் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து பெயர்த்துவந்த, அந்நாட்டு அரசர்களின் சின்னமான யூதாவின் சிங்கச் சிலையையும் முசோலினி ஆட்சியில் அதன் அடியில் கொண்டுவந்து வைத்தார்கள். பிற்பாடு அது ஊர் திரும்பியது.

அதே காலத்தில், 1937-இல், எத்தியோப்பியாவின் அக்சுமிலிருந்து 24 மீட்டர் கல்தூண் ஒன்றையும் தூக்கிவந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து இத்தாலி போட்ட 1947 அமைதி ஒப்பந்தத்திலேயே திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. தந்தது 2005-இல். 58 வருஷம்! கொண்டுபோவது கஷ்டம் என்று ஒரு சாக்கு. கொண்டுவரும்போது மட்டும் அந்தக் கஷ்டம் தெரியவில்லையா? கடைசியில் மூன்று துண்டுகளாக விமானத்தில் போய், 2008-இல் சொந்த ஊரில் மறுபடி நின்றது.

அப்புறம், ரோமின் ஃபோரோ இத்தாலிகோ விளையாட்டு வளாகத்தில் 1932-இல் திறந்த ஒபெலிஸ்க். கராராவில் வெட்டிய வெள்ளைப் பளிங்கு. அதில் மேலிருந்து கீழாக 'முசோலினி' என்று பெரிய பெரிய எழுத்துகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அடியில் அவர் புகழ் பாடும் லத்தீன் சுவடி ஒன்றையும் பெட்டியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 2015-இல் இத்தாலிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவராக இருந்த லாரா போல்த்ரினி அந்தப் பெயரை அழிக்கலாம் என்று சொல்லப்போக, பெரிய ரகளை ஆனது.

என்னைக் கேட்டால் அழிக்க வேண்டாம். அழித்துவிட்டால் மிஞ்சுவது அழகான பளிங்குத் தூண். அதன் முன்னாலும் நின்று செல்ஃபி எடுப்பார்கள். எழுத்து இருக்கட்டும். பக்கத்திலேயே, கண்ணில் படுகிற அளவில், அந்த ஆள் எத்தியோப்பியாவில் என்ன செய்தார், விஷவாயு வீசியது உட்பட, எழுதி ஒரு பலகை வைக்கட்டும். டோகாலிக்கும் அதுபோல ஒன்று.

ரோமுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களுக்கு: டெர்மினியில் இறங்கினால் டோகாலி ஒபெலிஸ்க் நடந்துபோகிற தூரம்தான். அதைப் பார்த்துவிட்டு வத்திகானுக்குப் போங்கள்.