எக்ஸாமுக்கு இல்லைக்கா, சும்மாதான் படிக்கிறேன்

போன வாரம் காலைல ட்ரெயின்ல நடந்தது. குரோம்பேட்டைல ஏறுறப்ப லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல அதிசயமா ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியா இருந்துச்சு, உக்காந்து பைலேர்ந்து புக்கை எடுத்துப் பிரிச்சேன், பல்லாவரம் கூட தாண்டல, பக்கத்துல இருந்த அக்கா எட்டிப் பாத்து "என்ன எக்ஸாம்மா? குரூப் ஃபோரா?"ன்னாங்க. இல்லக்கா, கதை புக்குன்னேன். "ஓ, பொண்ணுக்கா?" இல்லக்கா எனக்குதான், சும்மா படிக்கிறேன்னேன். அவங்க என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, 44 வயசுல ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டிட்டு வந்தவளைப் பாக்குற மாதிரி. அப்புறம் "ம்ம், உங்களுக்கெல்லாம் நேரம் இருக்கு"ன்னுட்டு மடில இருந்த பட்டாணியை உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அந்த "உங்களுக்கெல்லாம் நேரம் இருக்கு" ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சத்தியமா எனக்கு நேரம் இல்ல. சென்னை பாரிஸ் கார்னர்ல ஒரு ஹோல்சேல் கடைல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். மாசம் 7ம் தேதி டிடிஎஸ், அதாவது பிடிச்சு வெச்ச வரியைக் கட்டணும், 11க்குள்ள ஜிஎஸ்டிஆர் ஒன்னு, 20க்குள்ள த்ரீபி, ரெண்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன். நடுவுல யாராவது ஒரு சப்ளையர் பில்லை ஏத்தாம விட்டிருப்பான், அவனுக்கு போன் போட்டு துரத்தி, வாங்கினப்ப கட்டின வரியைக் கழிச்சுக்கற இன்புட் கிரெடிட்டை ஒத்துப் பாத்து முடிக்கிறதுக்குள்ள கண்ணை மூடினாலும் நம்பர்தான் ஓடும். அதனால என் வாசிப்பு மாசம் 21ம் தேதிதான் சூடு பிடிக்கும், அடுத்த மாசம் அஞ்சாந்தேதி வாக்குல மந்தமாயிடும். மார்ச் பத்தி கேக்கவே வேணாம், அந்த மாசம் நான் படிக்கிற ஒரே இலக்கியம் பேங்க் ஸ்டேட்மெண்ட்.

ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த அக்கா பட்டாணி உரிச்சாங்க, எதிர் சீட்ல ஒரு பொண்ணு மல்லிப்பூ கட்டிட்டு இருந்துச்சு, ஒருத்தங்க கண்ணை மூடிக்கிட்டு சுலோகம், ரெண்டு பேர் ரீல்ஸ், மத்தவங்க எல்லாம் தூக்கம். எல்லாருக்கும் அதே ட்ரெயின்தான், அதே முக்கால் மணி நேரம்தான். ரீல்ஸ் பாக்குற பொண்ணைப் பாத்து உனக்கு நேரம் இருக்கும்மான்னு யாரும் சொல்லல. தூங்குறவங்களை சொல்லல. புக்கைப் பாத்தாதான் அது வாயில வருது. ஏன்னா நம்மூர்ல புக்குன்னா ஒன்னு பாடம், இல்லன்னா பரீட்சை. அதுவும் இல்லன்னா முன்னேற்றம், அதாவது கோடீஸ்வரன் ஆகறது எப்படி வகையறா. இது எதுவும் இல்லாம ஒரு பொம்பளை சும்மா கதை படிச்சா, வீட்ல வேலை கம்மி போலன்னு அர்த்தம்.

வீட்லயும் இதே கதைதான். எங்க மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கிட்டே சீரியல் பாப்பாங்க, அந்த அரை மணி நேரம் யாரும் அவங்களைக் கூப்பிட மாட்டாங்க, கையில வேலை இருக்கே. வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை காலைல பேப்பரை விரிச்சா வீடே பூனை மாதிரி நடக்கும், ரெண்டாவது காபி கூட கேக்காம வரும். நான் ஒரு புக்கோட சோபால உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல மூணு குரல். "கேஸ் புக் பண்ணியா", "அம்மா என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்க", அப்புறம் அந்த மூணாவது இருக்கே, "சும்மாதான இருக்க, அந்தத் துணியை மடிச்சு வெச்சுடேன்". சும்மாதான இருக்க! கையில புக்கு இருக்கு, கண்ணு வரியில இருக்கு, கதைல ஒருத்தன் சாகக் கிடக்குறான், நான் சும்மா இருக்கேனாம்.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். அதே கதையை போன்ல டவுன்லோட் பண்ணி படிச்சா யாரும் கூப்பிடறதில்ல. ஆபீஸ் மெசேஜ்னு நினைச்சுக்கறாங்க. நான் வேற நடுநடுவுல நெத்தியைச் சுருக்கி ஒரு "ப்ச்" விடுவேன், அவ்ளோதான், மாமியார் டிவி சவுண்டையே குறைச்சுடுவாங்க. போன் வந்துதான் வாசிப்பு செத்துச்சுன்னு எல்லாரும் எழுதியாச்சு, நான் வேற எழுத வேணாம். நானும் ராத்திரி ரீல்ஸ்ல விழுந்து மணி பன்னெண்டானதை உணராதவதான், அதை மறுக்கல. ஆனா பகல்ல எங்க வீட்ல போனுக்குள்ள ஒளிச்சு வெச்சுதான் நாவல் படிக்க முடிஞ்சதுங்கறதும் உண்மை. ஸ்கூல்ல பாட புக்குக்குள்ள கதை புக்கை ஒளிச்சு வெச்ச அதே டெக்னிக். 30 வருஷத்துல ஒளிக்கிற இடம்தான் மாறியிருக்கு.

எத்தனை நாள் ஒளிக்கிறது? போன வருஷம் ஒரு நாள் வெடிச்சுட்டேன். பெரிய சண்டை எல்லாம் இல்ல, துணி மடிக்கிற விஷயத்துலதான் ஆரம்பிச்சுது, அழுதும்தான் தொலைச்சேன், பாவம் அவருக்கு என்ன நடக்குதுன்னே புரியல. "படிக்க நேரம் வேணும்னு சொன்னா குடுக்க மாட்டேனா"ன்னாரு. நான் கேட்டேன், எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பீங்க, பீரோலேர்ந்தா? ஒரு நிமிஷம் பேசல. மறுநாள் ராத்திரிலேர்ந்து பாத்திரம் அவர் கழுவுறாரு. குக்கர் மூடியோட ரப்பரைக் கழட்டாம கழுவுறாரு, அதைப் பத்தி நான் வாயைத் திறக்கறதில்ல. அந்த 25 நிமிஷம் எனக்கு. "படிக்க நேரத்தைக் கண்டுபிடிங்க"ன்னு அட்வைஸ் பண்றவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது, நேரம் என்ன தொலைஞ்சு போன கம்மலா கட்டிலுக்கு அடியில தேடறதுக்கு? நான் படிக்கணும்னா இன்னொருத்தர் எழுந்திரிச்சு பாத்திரம் கழுவணும். எங்க வீட்டுக் கணக்கு அவ்ளோதான்.

சரி, கிடைச்ச நேரத்துல என்ன படிக்கிறதுன்னு ஒன்னு இருக்கு. பிஸியா இருக்கறவங்க சின்னச் சின்னதா படிங்க, குட்டிக்கதை, கவிதை, ஒரு பக்கக் கட்டுரைன்னு சொல்றாங்க. எனக்கு அது ஒத்து வரல. ட்ரெயின்ல ஒரு சிறுகதை முடியறப்ப மனசு அதுலயே நிக்குது, உடனே அடுத்த கதைக்குள்ள போக முடியல, ஆனா எக்மோர்தான் வந்திருக்கு, இறங்கவும் முடியாது. பெரிய நாவல்னா அந்தப் பிரச்சினை இல்ல. ஆளுங்க பழகிட்டாங்க, ஊரு தெரியும், நேத்து விட்ட இடத்துல போய் உக்காந்துக்கலாம். நம்ம பெரிய நாவல்கள்ல நெறைய முதல்ல பத்திரிகைல தொடர்கதையா வந்ததுதானே? பொன்னியின் செல்வனே 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாராவாரம் வந்தது. அன்னிக்கு அதைப் படிச்சவங்க எல்லாம் ஈஸி சேர்ல சாஞ்சுக்கிட்டு அஞ்சு பாகத்தையும் ஒரே மூச்சுல முடிச்சவங்க இல்ல. வாரத்துக்குக் கொஞ்சம் பக்கம், அதையும் அடுப்புல சாதம் கொதிக்கறப்ப.

எங்க பெரியம்மா அப்படித்தான். மன்னார்குடி. நாலு பிள்ளைங்க, ரெண்டு மாடு, ஒரு மாமனார். வாரப் பத்திரிகை வந்தா தெருவுல நாலு வீடு சுத்தி கடைசில அவங்க கைக்கு வரும், தொடர்கதைப் பக்கத்தை மட்டும் பிளேடால அறுத்து அரிசி டின் மேல அடுக்கி வெப்பாங்க, தொடர் முடிஞ்சதும் கடைத்தெருல குடுத்து பைண்ட் பண்ணிடுவாங்க. அந்த பைண்டிங் வால்யூம் ஒன்னு இன்னும் எங்கிட்ட இருக்கு. காலிகோ அட்டை, முதுகுல கோந்து காஞ்சு வெடிச்சிருக்கும், கதை நடுவுல திடீர்னு பாதி தலைவலி தைலம் விளம்பரம். ஒரு பக்கத்துல மஞ்சள் விரல் ரேகை இருக்கு, கட்டை விரல், நல்லா தெளிவா. சமைக்கிற நடுவுல ஓடி வந்து பக்கம் திருப்பியிருக்காங்க. என்ன சீன்னு பாத்தேன். கதாநாயகிக்குக் கடுதாசி வர்ற இடம். அடுப்புல என்ன தீஞ்சுதோ அன்னிக்கு.

அதைப் பாத்துதான் எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு, இப்ப சொல்றதைக் கேட்டுட்டு புத்தகப் பிரியர்கள் யாரும் என்னைத் திட்டாதீங்க. ஜனவரில நந்தனம் புக் ஃபேர்ல 10 சதவீதத் தள்ளுபடில ஒரு தடி நாவல் வாங்கினேன், 900 பக்கத்துக்கு மேல. ஒரு கை மேல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறப்ப இன்னொரு கையில அந்த செங்கல்லைப் பிடிக்க முடியல, ஒரு தடவை கை நழுவி கீழ ஒரு பாட்டி கால்லயே விழுந்துச்சு, பாட்டி என்னைப் பெத்தவங்க வரைக்கும் இழுத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி காய் நறுக்குற கத்தியை எடுத்து அதை மூணு துண்டாப் போட்டுட்டேன். முதுகை அறுக்கறப்ப கொஞ்சம் கை நடுங்குச்சுதான். மறுநாள் கடைப்பையனே ஒவ்வொரு துண்டுக்கும் பழைய காலண்டர் அட்டையைப் போட்டு பெரிய ஸ்டேப்ளர்ல அடிச்சுக் குடுத்தான். இப்ப ஒரு துண்டு ஹேண்ட்பேக்ல டிபன் டப்பாக்குப் பக்கத்துல கச்சிதமா உக்காருது. அலமாரில ரெண்டு வருஷம் அழகா நிக்கறதுக்கு, துண்டு துண்டா படிச்சு முடிக்கப்பட்டா அந்தப் புக்குக்கும் புண்ணியம்தான்.

லைப்ரரி புக்கை அப்படி அறுக்க முடியாது, அது வேற கதை. எங்க ஏரியால ஒரு கிளை நூலகம் இருக்கு. நான் வேலைக்குக் கிளம்புற அவசரத்துல நுழைய முடியாது, திரும்பி வர்றப்ப பூட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை லீவு, மிச்சம் ஞாயிறு, ஞாயித்துக்கிழமைதான் வாரத்து மொத்தத் துணியும் வாஷிங் மெஷின்ல கிடக்கும். சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்துக் கட்டுறோம், வேலைக்குப் போறவங்களுக்காக ராத்திரி ஒன்பது வரைக்கும் வாரத்துல ரெண்டு நாள் திறந்து வெச்சா என்னன்னு எனக்குத் தோணும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பிரமாதம்தான், யாரு இல்லைன்னா, ஆனா எனக்கு அங்க போயிட்டு வர்றதே அரை நாள். ஒரு ஞாயிறு எப்படியோ எங்க கிளைக்குப் போனேன். நாற்காலி பூரா பிள்ளைங்க டிஎன்பிஎஸ்சி கைடை வெச்சுட்டு உக்காந்திருக்காங்க, அதுங்களுக்கு வேலை வேணும், அதுல எனக்கு வருத்தமே இல்ல. நாவல் அலமாரி பக்கம் மட்டும் ஈ காக்கா இல்ல. ஒன்னு எடுத்து கடைசிப் பக்கத்துல தேதிச் சீட்டைப் பாத்தா கடைசி முத்திரை 2014.

சீர்காழில பொறந்த நம்ம எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு, அதுல நாலாவது விதி வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துன்னு. கணக்கு வாத்தியாரா இருந்தவர், அவருக்குத்தான் தோணியிருக்கு, படிக்கிறவன் நேரமும் ஒரு கணக்குன்னு. அந்தப் புக்கு வந்தது 1931ல. அதே 1931லதான் எங்க பெரியம்மா ஊரான மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டில புக்கை ஏத்தி கிராமம் கிராமமா கொண்டு போற நூலகத்தைத் தொடங்கினாங்க, தொடங்கி வெச்சதும் ரங்கநாதன்தான். வயல்ல நிக்கறவன் லைப்ரரிக்கு வர முடியாது, சரி, லைப்ரரி வரட்டும். இன்னொன்னு, நான் தினம் புக்கு படிச்சுட்டே போற இந்த பீச் தாம்பரம் லைன்ல மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சதும் அதே 1931தான். இது மூணும் ஒரே வருஷம்னு தெரிஞ்ச அன்னிக்கு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் போய்ச் சொன்னேன், ஒருத்தரும் கண்டுக்கல. உங்ககிட்டயாவது சொல்றேன்.

கடைசியா இந்த வருஷம் 50 புக்கு, 100 புக்குன்னு டார்கெட் போட்டு பதிவு போடறவங்க மேல எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. முடிஞ்சவங்க படிங்க, சந்தோஷம். ஆனா அதைப் பாத்துட்டு ரெண்டு வருஷம் முன்னாடி நானும் 24 புக்குன்னு எழுதி வெச்சேன், டிசம்பர்ல ஏழுதான் முடிஞ்சிருந்தது, உடனே என்ன பண்ணேன் தெரியுமா, ஒல்லி ஒல்லியா புக்கு தேடி எடுத்தேன். எண்ணிக்கை ஏறணுமே. ஒன்னுலயும் என்ன கதைன்னு இன்னிக்கு ஞாபகமில்ல. வாழ்க்கைல சும்மா செய்யறதுக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒன்னுதான், அதுக்கும் நானே ட்யூ டேட் வெச்சு ரிட்டர்ன் ஃபைல் பண்ணிட்டு இருந்தேன். இப்ப கணக்கே வெக்கறதில்ல. சீட்டு கிடைச்சா இருபது பக்கம், கிடைக்கலன்னா ஆறு, கூட்டம் ரொம்ப இருந்தா பக்கத்துல நிக்கறவங்க புடவைல என்ன டிசைன்னு பாத்துட்டு வருவேன்.

போன மாசம் சாயங்காலம் ஒரு நாள் படிச்சுக்கிட்டே குரோம்பேட்டையை விட்டுட்டேன். சானடோரியம் போனதும் தெரியல, தாம்பரத்துல எல்லாரும் இறங்குறப்பதான் தலையைத் தூக்கினேன். வீட்டுக்கு போன் பண்ணி ட்ரெயின் லேட்டுன்னுட்டு, பிளாட்பாரம் பெஞ்சுல உக்காந்து அந்த அத்தியாயத்தை முடிச்சுட்டுதான் திரும்பி ஏறினேன். பாவம், ட்ரெயின் மேல பழி.

இன்னிக்கு 20. த்ரீபி போட்டாச்சு, அவர் உள்ள பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குது. மூணாவது துண்டை எடுத்து பைல வெச்சுட்டேன். நாளைக்கு அந்த அக்கா திரும்ப வந்தாங்கன்னா பட்டாணில பாதியை என் மடில போடச் சொல்லலாம்னு இருக்கேன், ரெண்டு பேரும் உரிச்சா கிண்டிக்குள்ள முடிஞ்சுடும். அதுக்கப்புறம் படிச்சுக்கறேன்.