ஆயுதக் கடையும் 'மாட்டேன்' என்ற சொல்லும்

லிபர்டேரியன் நாவல்களில், அதாவது அரசாங்கத்தின் பிடி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்களின் நாவல்களில், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். "அந்த அயன் ராண்ட் குண்டுப் புத்தகத்தை மட்டும் சொல்லிடாதீங்க" என்று முன்ஜாமீனும் வாங்கிக்கொண்டார். சொல்லப் போவதில்லை. அதில் ஒருவர் வானொலியில் பேச ஆரம்பித்தால் பல பத்துப் பக்கங்களுக்கு நிறுத்தமாட்டார். எனக்கே பொறுமை கிடையாது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தீவுத்திடல் பொருட்காட்சியில் பலூன் சுடும் ஏர்கன்னைத் தவிர வேறு துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஐந்து குண்டுக்கு ஒரு பலூன். ஆனாலும் லிபர்டேரியன் கதைகளில் ஒரு கிளை, துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று பேசும் ஆங்கில அறிவியல் புனைவு. அதன் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. அரசாங்கம் இல்லாவிட்டால் பால் யார் கொண்டுவருவார்கள், திருடனை யார் பிடிப்பார்கள் என்று உட்கார்ந்து யோசிக்கிற கதைகள் இங்கேதான் அதிகம்.

வான் வோக்ட் எழுதிய 'தி வெப்பன் ஷாப்ஸ் ஆஃப் ஈஷர்' (1951). வெகு தூரத்து எதிர்காலம், ஒரு பேரரசு, அதன் நடுவில் ஆயுதக் கடைகள். ஆயுதம் வாங்கும் உரிமைதான் சுதந்திரமாக இருக்கும் உரிமை என்று கடை வாசலில் பலகை. அரசின் ஆள் போனால் கதவு திறக்காது, சாதாரண ஆள் போனால் திறக்கும். ஃபாரா என்று ஒரு பட்டறைக்காரர். ராஜ விசுவாசி, அந்தக் கடையைக் கண்டாலே ஆகாது. சூழ்ச்சியால் பட்டறை கையைவிட்டுப் போனதும், வேறு போக்கிடம் இல்லாமல் அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். உள்ளே துப்பாக்கி மட்டுமல்ல, நியாயமும் கிடைக்கிறது. பிரமாதமான இடம்.

ஆனால் ஒரு சங்கதி. அங்கே விற்கும் துப்பாக்கி தற்காப்புக்கு மட்டுமே சுடும். அடுத்தவனைக் கொல்லப் போனால் வேலை செய்யாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கி யார் கைக்குப் போகும், எதற்குப் போகும் என்பதுதானே மொத்தச் சண்டையும்? அதை ஆசிரியர் மந்திரம் போட்டுத் தீர்த்துவிட்டார்.

எல். நீல் ஸ்மித் அந்த மந்திரத்தைக்கூடப் போடவில்லை. 'தி பிராபபிலிட்டி பிரோச்' நாவலில் டென்வர் போலீஸ்காரர் ஒருவர் வேறொரு அமெரிக்காவுக்குள் போய் விழுகிறார். அங்கே அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒரே ஒரு சொல் கூடுதல்: ஆளப்படுவோரின் 'ஏகமனதான' சம்மதம். அந்த ஒரு சொல்லால், விஸ்கி வரியை எதிர்த்து எழுந்த 1794 விஸ்கி கலகம் ஜெயித்து, வாஷிங்டன் சுடப்பட்டு, வரலாறே தடம் மாறிவிடுகிறது. கலகத்துக்குத் தலைமை ஏற்பவர் ஆல்பர்ட் காலட்டின். நிஜ காலட்டின் அப்போது நிதானமாக இருங்கள் என்று ஜனங்களைத் தடுத்தவர், பிற்பாடு 1801 முதல் 1814 வரை அமெரிக்க நிதியமைச்சராக இருந்தவர். வரி வசூலித்த மனிதரை வரி எதிர்ப்பு நாயகனாக்கிய குறும்பு எனக்குப் பிடித்தது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும்கூட அங்கே குடியுரிமை உண்டு. எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி, அதனால் எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஜாலியாகப் படிக்கலாம். நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். குடித்துவிட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஊரில் இல்லவே இல்லை.

ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' (1966) வேறு தரம். நிலவு ஒரு சிறைக் குடியேற்றம். கைதிகளும் அவர்கள் பிள்ளைகளும் பாறைக்கு அடியில் கோதுமை விளைவித்துப் பூமிக்கு அனுப்புகிறார்கள், பெரும்பாலும் இந்தியாவுக்கு. உலக நாடுகளின் சபை இருப்பதும் ஆக்ராவில்தான். நிலவின் தூதர்கள் நியாயம் கேட்டு அங்கே வருகிறார்கள். கோதுமையோடு நிலவின் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவதில்லை. இப்படியே போனால் சில வருடங்களில் பஞ்சம் என்று கம்ப்யூட்டர் கணக்குச் சொல்கிறது. கலகம் அங்கேதான் தொடங்குகிறது. இவர்களிடம் துப்பாக்கி ரொம்பக் குறைவு. சுரங்கம் தோண்டும் லேசரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள், தானியம் அனுப்பிய கவணில் பாறையை வைத்து பூமியின் மேல் எறிகிறார்கள்.

இலவசச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்பது அந்த ஊர் வேதவாக்கு. புரட்சிக்கும் ஹைன்லைன் அதே பில்லைப் போடுகிறார். சுதந்திரம் வாங்கப் புறப்பட்டவர்கள் சொந்த ஜனங்களிடமே பொய் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் தலைவர் ஒரு நிஜ மனிதர்கூட இல்லை, கம்ப்யூட்டர் பேசும் குரல். ஜெயித்த பிறகு புது அரசு சட்டம் மேல் சட்டம் போட ஆரம்பிக்கிறது. கதை சொல்லும் மேனி என்பவர் சலித்துப்போய், வேறெங்காவது போய்விடலாமா என்று யோசிக்கிறார். தன் கொள்கைக்காரர்களையே உறுத்தும்படி எழுதியிருக்கிறாரே, அதனால்தான் இதைப் படியுங்கள் என்கிறேன்.

ஆனால் நண்பருக்கு நான் முதலில் கொடுத்தது இவை எதுவும் இல்லை. எரிக் ஃபிராங்க் ரஸ்ஸல் 1951இல் எழுதிய குறுநாவல், 'அண்ட் தென் தேர் வேர் நன்'. பின்னால் 'தி கிரேட் எக்ஸ்ப்ளோஷன்' நாவலில் சேர்ந்தது. பூமியிலிருந்து ஒரு பிரம்மாண்டமான கப்பல், நிறையச் சிப்பாய்கள், ஒரு தூதர், ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். உங்கள் தலைவரிடம் கூட்டிப்போ என்று கேட்டால் ஜனங்கள் 'மாட்டேன்' என்கிறார்கள். அவ்வளவுதான். யாரும் சுடவில்லை, யாரும் ஓடவில்லை. அந்த மக்களின் பெயர் 'காண்ட்'. ஆமாம், காந்தியிலிருந்து வந்த பெயர்தான்.

அங்கே பணமும் கிடையாது. சாப்பாடு போட்டால் நீங்கள் எனக்குக் கடமைப்பட்டவர், அதை வேறு வேலை செய்து கழிக்கலாம். கிட்டத்தட்ட நம் ஊர் மொய்க் கணக்கு, நோட்டுப் புத்தகம் மட்டும் இல்லை. வாங்கிக்கொண்டே இருந்து திருப்பித் தராதவனுக்கு? ஒரு கட்டத்தில் ஊரில் ஒருவரும் எதுவும் தரமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கத் துப்பாக்கி உரிமைக்காரர்களும் காந்தியை மேற்கோள் காட்டுவார்கள். ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் ஆகக் கறுப்பான செயலாக வரலாறு பார்க்கும் என்று அவர் எழுதியது உண்மைதான். சத்திய சோதனையிலேயே இருக்கிறது. 1878 ஆயுதச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் அது 1918இல், முதல் உலகப் போருக்கு கேடா மாவட்டத்தில் ஆள் சேர்க்க அவர் போட்ட துண்டுப் பிரசுரத்தில் வந்த வரி. அந்தப் பின்னணியைச் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

சரி, ரஸ்ஸல் கதைக்கு வருகிறேன். கப்பலில் ஹாரிசன் என்று ஒரு பத்தாம் நிலை எஞ்சினியர். சைக்கிள் வைத்திருப்பதற்காக எல்லாரும் கிண்டல் செய்யும் ஆள். ஊருக்குள் போய்வரும் சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் திரும்பாமல் போக, மிச்சம் இருப்பவர்களும் கழன்றுவிடுவார்களோ என்று பயந்து கப்பல் அவசர அவசரமாகக் கிளம்புகிறது. அது வானத்தில் மறைவதை ஹாரிசன் தரையில் நின்று பார்க்கிறார், பக்கத்தில் சைக்கிள்.