மெழுகு பூசிய செயினில் ஏன் ஆயில் ஊற்றுகிறீர்கள்?

செயினைத் தொடச் சொல்லாதபோதும் அதில் ஆயிலை ஊற்றிவிடும் பழக்கத்தை நம் ஊர் சைக்கிள் கடைகள் எப்போதுதான் விடப்போகின்றன? பின் பிரேக்கின் கேபிளை மாற்றுவதற்காக மட்டுமே வண்டியை விட்டிருந்தேன். திரும்ப எடுக்கப் போனபோது செயின் முழுவதும் ஈரமாக மின்னியது. பற்சக்கரத்தின் இடுக்குகளில் கருப்பாகக் குழம்பு திரண்டிருந்தது. "செயின் காய்ஞ்சு கிடந்துச்சு சார், நல்லா ஆயில் விட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக். அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள்.

அது காய்ந்து கிடக்கவில்லை. ஆயிலுக்குப் பதிலாக மெழுகு பூசிய செயின் அப்படித்தான் இருக்கும். தொட்டால் விரலில் கறை ஒட்டாது என்பதுதான் அதன் சிறப்பே. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் காற்று வாரிக் கொட்டும் மணல், எண்ணெய்ச் செயினில் ஒட்டிக்கொண்டு, ஊசிக்கும் உருளைக்கும் நடுவே புகுந்து, உப்புத்தாள் தேய்ப்பதைப் போல இரும்பை அரைத்துவிடுகிறது. இறுகிய மெழுகில் அந்த மணல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதனால் செயின் மெதுவாகத் தேய்கிறது, அதோடு சேர்ந்து விலை கூடிய கேசட்டும் (பின் சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) பிழைக்கிறது. பதினொரு, பன்னிரண்டு கியர் வண்டிகளில் செயின் தேய்ந்து 0.5 சதவீதம் நீண்டாலே மாற்றிவிட வேண்டும் என்ற நிலையில் இது சின்ன லாபமில்லை.

இந்த லாபம் சும்மா வருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புதுச் செயினில் ஆலையிலேயே பூசி அனுப்பும் கிரீஸ் துளியும் மிஞ்சாதபடி, டர்பன்டைனில் போட்டுக் குலுக்கி, கருத்த திரவத்தைக் கொட்டி, அது தெளிவாக வரும்வரை மறுபடி மறுபடி அலசி, கடைசியில் ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்த வேண்டும். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் பாரஃபின் மெழுகை உருக்கிச் செயினை முக்கினால், இணைப்புகளுக்குள் அடைபட்ட காற்று குமிழ்குமிழாக மேலே வரும்; குமிழ்கள் நின்ற பிறகே மெழுகு உள்ளே போய்விட்டது என்று நம்பலாம். வெளியே எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டால் ஆறியதும் குச்சியாக விறைத்துவிடும், ஒவ்வொரு இணைப்பையும் மடக்கி உடைத்துத் தளர்த்த வேண்டும். சுமார் 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை மறுபடி முக்க வேண்டும். அதற்காகச் செயினைக் கழற்றி மாட்டும் இணைப்பையோ ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

மழை இதைவிடப் பெரிய தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மெழுகுச் செயினை உடனே துடைத்து உலர்த்தாமல் விட்டால், அதுவும் கடற்காற்று வீசும் வீடாக இருந்தால், மறுநாளே செம்மண் நிறத்தில் துரு எட்டிப்பார்க்கும். நவம்பர் மாதத்தில் தினமும் வண்டியில் வேலைக்குப் போகிறவர் ஆயிலே போட்டுக்கொள்ளட்டும், அதில் தவறே இல்லை. செயின் கவர் போட்ட சாதாரண வண்டிக்கு மெழுகு தேவையும் இல்லை.

ஆனால் இத்தனையையும் யோசித்து, இத்தனை வேலையையும் பார்த்து ஒருவர் மெழுகைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால், அதை அரை நிமிடத்தில் பாழாக்கும் உரிமையை யார் கொடுத்தது? ஆயில் பட்ட இடத்தில் மெழுகு இளகி, இரும்பைப் பற்றாமல் விட்டுவிடும். மேலே துணியால் துடைத்தால் தீராது, உள்ளே ஊறிவிட்டது. அந்தச் செயினை அப்படியே முக்கினால் பாத்திரத்தில் இருக்கும் மெழுகு மொத்தமும் கெட்டுவிடும். எனவே டர்பன்டைன் குளியலில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

மெழுகைப் பற்றித் தெரியவில்லை என்று மெக்கானிக்கின் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத ஒன்றைக் கண்டபோது கேட்காமல் கைவைத்ததுதான் கோபம். பழுதுபார்க்க வண்டியை வாங்கிவைக்கும்போது பிரேக், கியர், டயர் என்று சீட்டில் குறித்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அதிலேயே செயினுக்கு ஆயிலா, மெழுகா என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி காலியாக இருந்தால் செயினைத் தொடாதீர்கள்.