கல்லறைக்கு அரை மணி, கஞ்சிக்கு இரண்டு மணி

போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனைப் பார்க்க ஒரு நாள் போதுமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் போனது நவம்பரில், அதுவும் சரியாக ஒரே ஒரு நாள். எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அந்த ஊரில் பார்ப்பதற்கு இருப்பதைவிடச் சாப்பிடுவதற்கு இருப்பதுதான் நமக்கு முக்கியம். அதிலும் என்னைப் போன்ற தூத்துக்குடிக்காரர்கள் அங்கே கல்வெட்டைப் படிப்பதைவிட உணவு விடுதியின் விலைப்பட்டியலை நிதானமாகப் படிப்பது நல்லது.

இந்த ஞானம் காலையில் எனக்கு இல்லை. பதினோரு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் சாப்பாடு எங்கே இருக்கிறது?" என்றாள். "இடையில் எங்காவது" என்றேன். அவள் பதில் பேசவில்லை. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்த மௌனம் புரிந்திருக்க வேண்டும்.

முந்தின இரவு விடுதி அறையிலேயே ஒரு விளையாட்டு தொடங்கியிருந்தது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று அறைக்குள் இருந்தவற்றை நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, எல்லாமே போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள் என்று அவளுக்குச் சொன்னேன். "அப்படியானால் அவர்கள் வருவதற்கு முன்னால் நம் வீட்டில் என்னதான் இருந்தது?" என்று கேட்டாள். "மிளகு" என்றேன். அப்போது அதை வெறும் நகைச்சுவையாகத்தான் சொன்னேன்.

காலையில் தெருவில் இறங்கினால் கடைப் பலகைகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. பர்னாந்து, மச்சாது, மிராண்டா, கோமஸ், ரொட்ரிகோ எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வக்கீல், ஒருவர் கண்ணாடிக் கடை. கடைசி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவனின் குடும்பப் பெயரில் ஒரு சவப்பெட்டிக் கடையும் இருந்தது. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை.

ரோசியு சதுக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கற்களை அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் மழை விட்ட காலையில் அது எண்ணெய் தடவிய தோசைக்கல். கைகோத்து நடப்பது காதலால் அல்ல, விழாமல் இருக்க. பக்கத்திலேயே சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். 1959இல் தீப்பிடித்து எரிந்ததைப் புதுப்பித்தபோது தீயின் வடுக்களை மறைக்கவில்லை. தூண்கள் வெடித்துச் சிதிலமாகவே நிற்கின்றன. வெளியே இருக்கும் சதுக்கத்தில், 1506இல் இங்கே கொல்லப்பட்ட யூதர்களுக்காக ஒரு நினைவுக் கல். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் புளிப்புச் செர்ரி மதுவை நின்றபடியே குடிக்கும் சந்துக் கடை. நான் ஒரு சிறு கோப்பை வாங்கினேன். அவள் முகர்ந்து பார்த்து, "இருமல் மருந்து" என்று தீர்ப்பளித்தாள். காலை பத்து மணிக்கே அங்கே வயதானவர்கள் கோப்பையோடு நின்றிருந்தார்கள்.

அந்த மஞ்சள் நிற 28ஆம் எண் டிராமுக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் தாளில் முதல் வரியை நானே அடித்தேன். 15ஆம் எண்ணில் ஏறி, தேஜு ஆற்றங்கரை ஓரமாகவே போய்ப் பெலேமில் இறங்கினோம்.

ஜெரோனிமோஸ் மடத்தைப் பற்றி எல்லாரும் உருகி எழுதுவார்கள். உருக வேண்டிய கட்டடம்தான், மறுக்கவில்லை. கப்பல் கயிறு, முடிச்சு, கடல் செடி என்று கடலையே கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகளின் மேல் மன்னர் மனுவேல் போட்ட 5 சதவீத வரியிலிருந்து. அந்த வரிக்குப் பெயரே மிளகு வரி. உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமா கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். எதிர்ப்புறம் அவரைப் பாடிய கவிஞர் கமோயின்ஷ். காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியவர், 1502இல் மறுபடி வரும்போது மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்தவர். 1524இல் கொச்சியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டு, 1539இல் எலும்புகள் மட்டும் ஊர் திரும்பின. கல்லறையில் கயிறும் கப்பலும் செதுக்கியிருக்கிறார்கள். எரிந்த கப்பல் இல்லை.

அரை மணி நேரம் அங்கே நின்றேன். கோபமா என்றால் முழுக்கக் கோபமும் இல்லை. இதே ஊரில்தான் 1554இல் தமிழ் முதன்முதலாக அச்சேறியது. ரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து, ஒரு சிறிய செபப் புத்தகம். எங்கள் முத்துக்குளித்துறை மக்களின் செபத்துக்காக அச்சிட்டது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் எழுதியிருக்காவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரிந்திருக்காது. தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட புத்தகம் கொல்லத்தில் 1578இல்தான் வந்தது. கப்பலை எரித்தவர்களும் மொழியை அச்சில் ஏற்றியவர்களும் ஒரே துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டார்கள். என்ன செய்வது? மனைவி தோளைத் தட்டி, "போதும், அவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை" என்றாள்.

மடத்துக்குப் பக்கத்தில் 1837இலிருந்து முட்டைப் பாலாடைப் பணியாரம் விற்கும் கடை. ஊர் முழுக்க இதற்கு நாட்டா என்று பெயர், இங்கே மட்டும் பெலேம் பணியாரம். மடங்களை மூடிய காலத்தில் அங்கிருந்து வெளியே வந்த செய்முறை, இன்றும் ரகசியம் என்கிறார்கள். வெளியே வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு. உள்ளே நீல ஓடு பதித்த அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. உட்கார்ந்தோம். தட்டில் சூடாக நான்கு வந்தன. மேலே ஆங்காங்கே கறுகிய புள்ளிகள். ஓரம் கடித்தால் நொறுங்கிச் சட்டை முழுக்கத் தூள், உள்ளே கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் மஞ்சள்கரு. மேசையில் இருக்கும் பட்டைத் தூளையும் சர்க்கரைத் தூளையும் நாமே தூவிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்து மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்துக்கொள்வார்களாம், மீந்த மஞ்சள்கருவை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தவைதான் போர்ச்சுக்கலின் இந்த வகை இனிப்புகள் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு, "அப்படியானால் மக்ரூன்?" என்றாள். தூக்கிவாரிப்போட்டது. தூத்துக்குடி மக்ரூனில் மஞ்சள்கரு கிடையாது. வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான். அதுவும் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒரே முட்டையை உடைத்து மஞ்சளை இங்கே வைத்துக்கொண்டு வெள்ளையை எங்களுக்கு அனுப்பிவிட்டார்களோ என்று இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வரலாற்று ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். இன்னும் நான்கு சொன்னோம்.

ஆற்றங்கரையில் 1960இல் எழுப்பிய கடற்பயண நினைவுச்சின்னம். கப்பல் முகப்பில் முப்பத்து மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள், நம் சவேரியாரும் அதில் ஒருவர். அத்தனை பேரில் பெண் ஒருவர்தான் என்று எண்ணிச் சொன்னது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். 1515இல் குஜராத்திலிருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலில் இந்த ஊருக்கு வந்தது. கோபுரத்தின் ஒரு மூலையில் அதன் தலை தேய்ந்துபோய் இருக்கிறது.

மதிய உணவில் ஒரு அடி வாங்கினோம். கடைப் பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி எல்லாம் கேட்காமலே வந்தன. உபசாரம் என்று நினைத்து வஞ்சனையில்லாமல் சாப்பிட்டோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. அது அங்கே ஊர் வழக்கம்: தொட்டால் காசு, வேண்டாமென்றால் எடுத்துப் போய்விடுவார்கள். தெரியாதது என் தவறு, ஆனாலும் வயிறு எரிந்தது. அந்த ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் பெயரைத்தான் இலங்கைத் தமிழர்கள் பாண் என்கிறார்கள். அடுத்து வந்தது பக்கல்யாவ், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். ஊறவைத்து உதிர்த்து, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலோடும் முட்டையோடும் கிளறியிருந்தார்கள். அந்த மீன் போர்ச்சுக்கல் கடலில் கிடைப்பதில்லை, நார்வே, ஐஸ்லாந்துப் பக்கத்துக் குளிர்க் கடல்களிலிருந்து வருகிறது. என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "கருவாடு. நன்றாக ஊறியிருக்கிறது" என்றாள். அவள் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அது.

அதற்குப் பிறகு என் தாளில் ஐந்து இடங்கள் மிச்சம். ஆற்றுக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நான்கு மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வறுத்த செஸ்ட்நட் வண்டியின் புகையில் குளிர் காய்ந்தபடி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் படிகளில் ஏறினோம். துணி காயும் சந்துகள், திரும்பினால் ஆறு. பாதியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். எதிரே நாலு மேசை போட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. தாளை மடித்துப் பையில் போட்டேன்.

கடைக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாக ஷமுஸா. ஆமாம், நம் சமோசாதான், கோவா வழியாகப் போனது. விலைப்பட்டியலில் கரில் என்று ஒன்று, அது நம் கறி. என் மனைவி இருமியதைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, தன் தொண்டையைத் தடவிக் காட்டி, உறுதியான குரலில், "கன்ஜ" என்றார்.

"என்னங்க, கஞ்சி என்றா சொல்கிறார்?"

கஞ்சிதான். மலையாளக் கரையிலிருந்து போன சொல். காய்ச்சல்காரர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அங்கே இன்றும் கொடுப்பது அதைத்தான். மிகச் சுலபமான வேலையை அவர்கள் "இது கஞ்சி" என்பார்களாம், நாம் அல்வா சாப்பிடுவது மாதிரி என்பதைப் போல. வந்த கிண்ணத்தில் கோழிச் சாறு, குழைந்த அரிசி, பிய்த்துப் போட்ட கறி, மேலே ஒரு புதினா இலை. அவள் இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஆவி பிடித்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு உறிஞ்சினாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

மிளகை எடுத்துக்கொண்டு போனவர்கள் கஞ்சியையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். மடத்தின் கல்லில் எங்கும் செதுக்காத விஷயம் இது.

இரண்டாவது கிண்ணம் வந்தபோது அவளுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. துவையல் என்றால் என்ன என்று கைச்சாடையில் விளக்கத் தொடங்கினாள். உருண்டையாக, உடைத்து, துருவி, அம்மியில் அரைத்து, காரம் என்று நாக்கை நீட்டி விசிறிக் காட்டினாள். அந்த அம்மாள் கவனமாகப் பார்த்துவிட்டு, எல்லாம் புரிந்ததாகத் தலையை ஆட்டி உள்ளே போனார். திரும்பி வந்து மேசை மேல் ஒரு பாட்டில் பிரிபிரி மிளகாய் எண்ணெயை வைத்தார்.