மறுபடியும் அடைத்துக்கொண்ட பைலட் ஜெட்

இந்த வாரப் பயிற்சியும் போயிற்று. டிரையல்ஸ் பைக் (பாறை, மேடுகளில் கால் ஊன்றாமல் ஏறி இறங்கும் போட்டிக்கான பைக்) வாங்கிய நாளிலிருந்து பாறை ஏறிய நேரத்தைவிடக் கார்புரேட்டரைக் கழற்றிய நேரம்தான் அதிகம். சில வாரங்கள் ஓட்டாமல் நிறுத்தினால், உள்ளே தங்கிய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட் என்ற சின்னத் துளைக்குழாயை அடைத்துவிடுகிறது. வேகமாக ஓடும் பைக் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். இங்கே முடியாது. ஆக்சிலரேட்டரைத் திருகியும் திருகாமலும் நடை வேகத்தில்தான் எல்லாமே நடக்கிறது; அந்த வேகத்துக்கு எரிபொருள் தருவதே மயிரிழைத் துளையுள்ள அந்த ஜெட்தான். முன்சக்கரம் பாறை விளிம்பைத் தொடும் நொடியில் என்ஜின் திணறி அணைகிறது; விழாமலிருக்கக் காலை ஊன்ற வேண்டியதாகிறது. போட்டியில் ஒருமுறை கால் ஊன்றினாலே 1 புள்ளி அபராதம்!

கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் தெளித்துக் காற்றடித்து ஊதுங்கள். நிறுத்திவைக்கும் முன் பெட்ரோல் வரும் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். விற்றவர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கக் கூடாதா?

பின் பிரேக் இன்னொரு வேதனை. செயினுக்கு அடித்த எண்ணெய் டிஸ்க்கில் தெறித்து, புது பிரேக் பேடு எண்ணெயில் ஊறிப்போனது. செங்குத்தான இறக்கத்தில் மிதித்தேன், பிடிக்கவே இல்லை. உடம்பு இன்னும் நடுங்குகிறது.