அந்தப் பிள்ளை எந்தச் சிகரெட்டை விட்டான்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் இட்ட பதிவையும் அதன் கீழே நடந்த வாக்குவாதத்தையும் பெரும்பாலோர் படித்திருப்பீர்கள். ஒரு திருமண வரவேற்பு மேடைக்குப் பின்புறம் ஹூக்காக் குடுவைகளை (புகையைத் தண்ணீர் வழியாக இழுக்கும் குடுவைகள்) வரிசையாக வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்ததைக் கண்டித்துப் படத்தோடு எழுதியிருந்தேன். அந்தக் கதையை மறுபடியும் விரிவாகச் சொல்லப் போவதில்லை. வந்த வசவுகளையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு பதில் மட்டும் மூன்று நாள்களாக என்னைத் தூங்கவிடவில்லை. "அறிவியல் தெரியாமல் எழுதாதீர்கள், வேப் (நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்) சிகரெட்டைவிட 95 விழுக்காடு பாதுகாப்பானது, ஹூக்காவில் புகை தண்ணீரில் கழுவப்பட்டு வருகிறது, சிகரெட்டை விட்டு இவற்றுக்கு மாறும் தலைமுறையைப் பாராட்டுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு விருப்பம் தெரிவித்தவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

அவரிடம் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எந்தச் சிகரெட்டை விட்டுவிட்டு அங்கே வந்தார்கள்?

அவர்களில் ஒருவன் என் அக்கா மகன். வயது 19. சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை என்பதை அவனே என்னிடம் பெருமையாகச் சொன்னான். "மாமா, இது சிகரெட் இல்லை, வெறும் ஃப்ளேவர்" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து எழுதுகோல் அளவுள்ள ஒன்றை எடுத்தும் காட்டினான்; மாம்பழ வாசனை அடித்தது. 20 ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளிய ஒருவருக்கு முன்னால் சிகரெட்டையும் வேப்பையும் வைத்து எது கேடு குறைந்தது என்று கேட்டால், வேப்தான் என்று நானும் சொல்வேன். எரியும் புகையிலையிலிருந்து வரும் தார் என்ற பிசுபிசுப்பான கசடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அதில் இல்லை. ஆனால் எதையுமே புகைக்காத ஒரு பிள்ளையின் வேப்பைச் சிகரெட்டோடு ஏன் ஒப்பிட வேண்டும்? அவன் அதுவரை இழுத்துக்கொண்டிருந்தது காற்று. ஒப்பிடுவதென்றால் அந்தக் காற்றோடு ஒப்பிடுங்கள்.

அந்த 95 விழுக்காட்டுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-இல் சொன்ன எண் அது. அதற்கு அடிப்படையாக இருந்தவற்றுள் முக்கியமானது, ஒரு வல்லுநர் குழு கூடி ஒவ்வொரு நிகோட்டின் பொருளின் தீங்குக்கும் மதிப்பெண் இட்டு 2014-இல் வெளியிட்ட மதிப்பீடு. பெரும்பாலான பொருள்களின் தீங்கு பற்றி உறுதியான சான்றுகள் இல்லை என்பதை அந்தக் குழுவினரே தங்கள் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புகைப்பவர்களை மாற்றுவதற்காகச் சொல்லப்பட்டதுதான் அந்த எண். புகைக்காதவர்கள் வேப் பக்கம் போகக் கூடாது என்பதே அந்த நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரையும். நம்மவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அறிவுரையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அக்கா மகனின் கருவியில் நிகோட்டின் 5 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது. ஒரு மில்லி லிட்டரில் ஏறத்தாழ 50 மில்லி கிராம். பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 20 மில்லி கிராம். அங்கே கடையில் வைக்கவே முடியாத ஒரு பொருளுக்கு அந்த நாட்டு எண்ணைச் சான்றிதழாகக் காட்டுகிறோம். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டின் விற்பனையே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆக, இங்கே கைக்குக் கை மாறுவது எல்லாம் திருட்டுச் சரக்கு. உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பதை எந்த ஆய்வகமும் பார்த்ததில்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் வெந்து, அடுத்த பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனதாகக் கணக்கு வந்தது. இறந்தவர்கள் மட்டும் 68 பேர். அது பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளால் வந்தது, சாதாரண வேப்பால் அன்று என்று சொல்வீர்கள். சரிதான். கள்ளச் சரக்கு என்ன செய்யும் என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஹூக்காவுக்கு இந்தக் "குறைந்த கேடு" என்ற வாதம்கூடக் கிடையாது. புகையைத் தண்ணீர் வழியாக இழுத்தால் தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை அக்பர் அவையில் இருந்த ஒரு மருத்துவரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நானூறு ஆண்டுகள் ஆகியும் அது நம்மை விடவில்லை. தண்ணீர் புகையைக் குளிர்விக்கிறது. தொண்டை எரியாததால் இன்னும் ஆழமாக, இன்னும் நெடுநேரம் இழுக்கிறோம். ஒரு சிகரெட் 8 முதல் 12 இழுப்பில் தீர்ந்துபோகும். ஹூக்கா முன்னால் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருப்பதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, ஒருமுறை ஹூக்கா இழுப்பதை ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டார்கள். புகையின் அளவு 125 மடங்கு, தார் 25 மடங்கு, கார்பன் மோனாக்சைடு 10 மடங்கு, நிகோட்டின் இரண்டரை மடங்கு. நாள் முழுவதும் சிகரெட் பிடிப்பவரும் எப்போதாவது ஹூக்கா இழுப்பவரும் ஒன்றல்லர் என்பதை அவர்களும் சொன்னார்கள், நானும் ஏற்கிறேன். ஆனால் "புகையிலையே இல்லை, மூலிகைதான்" என்று அன்று பரிமாறியவர் சொன்னாரே, அதை எப்படி ஏற்பது? புகையிலை இல்லாவிட்டாலும் மேலே கரி எரிகிறதல்லவா? மூடிய அறையில் கரி எரித்தால் ஆள் மயங்கி விழுவது எதனால் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் ஹூக்கா பார்களைத் தடை செய்யச் சட்டம் இயற்றியதும் காரணமில்லாமல் இல்லை.

"சிகரெட்டைப் பெட்டிக்கடைதோறும் விற்க விட்டுவிட்டு வேப்பை மட்டும் தடை செய்வது என்ன நியாயம்?" என்று கேட்கிறீர்கள். நியாயமில்லைதான். அதற்காகச் சிகரெட்டைத் தடை செய்யச் சொல்லுங்கள், உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.

"வேப்பால் சிகரெட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள்" என்பதையும் மறுக்கவில்லை. பிரிட்டனில் 886 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இ-சிகரெட் கொடுக்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோட்டின் பட்டை, மெல்லும் பசை போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினர்தான். ஆனால் அப்படி விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் இ-சிகரெட்டைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. என் அலுவலக நண்பர் ஒருவர் காலையில் வேப், மாலையில் டீக்கடையில் இரண்டு சிகரெட் என்று இருக்கிறார். பாக்கெட்டிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டேன் என்று மகிழ்கிறார். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட்டாக இருந்தாலும், 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018-இல் ஆய்வு வந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே வருத்தமாக இருந்தது. இருந்தாலும் அவராவது சிகரெட்டிலிருந்து இறங்க முயல்பவர். என் அக்கா மகன் எதிலிருந்து இறங்கினான்?

"வேப்பால் புற்றுநோய் வந்த ஒருவரைக் காட்டுங்கள்" என்று ஒரு தம்பி சவால் விட்டிருந்தார். தம்பி, இன்றைய வடிவத்து இ-சிகரெட் சீனாவில் 2003 வாக்கில்தான் பிறந்தது. சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வர 20, 30 ஆண்டுகள் பிடித்தன. சிகரெட் பரவத் தொடங்கிய காலத்தில் இதே சவாலை யாராவது விட்டிருந்தால் அன்றும் காட்டியிருக்க முடியாது.

இந்தப் பேச்சு எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இளமையிலிருந்தே சிகரெட் பிடித்தவர். இருமல் வந்தபோது, "பஞ்சு வைத்ததுக்கு மாறுங்கள், விஷமெல்லாம் பஞ்சிலேயே நின்றுவிடும்" என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். மாறினார். காரம் குறைந்ததால், நாளுக்குப் பத்தாக இருந்தது பதினைந்தானது. ஒவ்வொன்றையும் விரல் சுடும்வரை இழுத்தார். வீட்டில் யாராவது கேட்டால் பஞ்சைக் காட்டி, "பார், மஞ்சளாகிவிட்டது, எல்லாம் இதிலேயே தங்கிவிட்டது" என்பார். நாங்களும் நம்பினோம். தார் குறைந்தது என்று விற்ற சிகரெட்டுகளால் நோய் குறையவில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001-இல் அறிக்கை வெளியிட்டபோது அப்பாவால் மாடிப்படி ஏற முடியாமல் போயிருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் படுத்து உறங்கவில்லை. தலையணைகளை மடியில் அடுக்கி, அவற்றின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே உறங்குவார். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் இயந்திரம் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் வீடே எழுந்துகொள்ளும். "பஞ்சில் தங்கிவிடும்" என்ற சொல்லும் "தண்ணீரில் கழுவப்பட்டு வருகிறது" என்ற சொல்லும் என் காதில் ஒன்றாகத்தான் விழுகின்றன.

நல்ல நாளில் அபசகுனமாகப் பேசியவன் என்று என்னைச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தை மறைத்துத்தான் படம் போட்டேன். ஒருவர் பெயரையும் எழுதவில்லை. அப்படியும் அக்கா மகன் என்னை நட்பிலிருந்து நீக்கிவிட்டான். அவன் தோழர்களுக்கு முன்னால் நான் குரலை உயர்த்தியது தவறு. அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் அவன் பார்க்கவில்லை.

அக்கா, பதிவை நீக்கச் சொல்லி நீ இரண்டு முறை அழைத்தாய். நான் நீக்கப் போவதில்லை. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அந்த ஆக்சிஜன் இயந்திரத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனது நானும் உன் மகனும்தான். அவனுக்கு அப்போது 9 வயது. ஆட்டோவில் அதன் குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "இனிமேல் தாத்தாவுக்கு இது வேண்டாமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.