கொழும்பு எத்தனை மைல்?

கண்டி ரோட்டுல பஸ்ல போறப்ப கொழும்புக்கு இவ்வளவு தூரம்னு போட்ட கல்ல எல்லாரும் பாத்திருப்போம், கொழும்புல எந்த எடத்துல இருந்துன்னு யாரும் கேக்கிறதில்ல. கோட்டையில ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரர் சிலை நிக்குது தானே, எட்வர்ட் பான்ஸ், அவர் காலடியில இருந்துதான் அளவே. கொழும்பு 7ல இருக்கிற பான்ஸ் பிளேஸும் இவர் பேர்தான்.

ஆளு அசல் பட்டாளத்துக்காரர். ஸ்பெயின் பக்கம் நெப்போலியன் படையோட மோதி, 1815ல வாட்டர்லூவுல காயப்பட்டு, பொறகு இலங்கைக்கு வந்து 1824ல இருந்து 1831 வரைக்கும் கவர்னர். வெள்ளைக்காரனுக்கு எதிரா மலைநாட்டுல கெளம்பின ஊவா கலகத்த அடக்கி கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்திச்சு, கண்டிக்கு சட்டுனு படைய ஏத்தணும்னா ரோடு வேணும், அதான் ரோடு. நம்மள ஏத்திட்டு போக இல்ல.

"வெள்ளைக்காரன் இருந்திருந்தா நாடு உருப்பட்டிருக்கும், ரோட்ட பாரு பாலத்த பாரு"ன்னு இப்பவும் கமெண்ட் போடுறாங்களே, அவங்களுக்குத்தான் இத எழுதுறேன். அந்த 72 மைல் ரோட்டுக்கு மண்ணு சுமந்தது ராஜகாரிய வேலையில இழுத்துட்டு வந்த கிராமத்து சனங்க. மன்னர் காலத்துல காணிக்கு பதிலா செஞ்ச ஊழியம் அது, அத அப்படியே எடுத்து இவர் மலைய வெட்ட வச்சார். கடுகண்ணாவயில பாறைய குடைஞ்சும் ரோடு போட்டாங்க. மலைய தொளைக்கிறவன்தான் கண்டிய புடிப்பான்னு பழைய பேச்சு ஒன்னு இருந்திச்சாம்! அங்க நிக்கிற கோபுரம் இந்த ரோட்டு எஞ்சினியர் டாசனோட நினைவுக்கு.

எனக்கு இதவிட கடுப்பேத்துறது கோப்பி கதை. பேராதனைக்கு பக்கத்துல கன்னொறுவயில கவர்னரே சொந்தமா கோப்பி தோட்டம் போட்டார். அதே கவர்னர்தான் கோப்பிக்கு ஏற்றுமதி வரி இல்லன்னாரு, கோப்பி காணிக்கு பத்துல ஒரு பங்கு வரி வேணாம்னாரு, கோப்பி தோட்டத்துல வேலை செய்றவனுக்கு ராஜகாரியமும் இல்லன்னாரு. அதாவது ரோட்டுல சும்மா கல்லு ஒடைக்காம தப்பணும்னா துரை தோட்டத்துக்கு வா! இப்ப ஒரு மந்திரி இத செஞ்சா நாம சும்மா விடுவோமா?

சோம்பேறி இல்ல, அத ஒத்துக்கிறேன், அவர் போட்ட தடத்துலதான் இன்னைக்கும் பஸ் ஏறுது. ஆனா 1832ல, லண்டன் அனுப்பின கோல்புரூக் விசாரணைக் கமிஷன் சொல்லி ராஜகாரியத்த ஒழிச்சாங்களே, அதுக்கு இவருக்கு விருப்பமே இல்ல, கூலி இல்லாத ஆள் போயிட்டா மிச்ச ரோட்ட யார் போடுவான்னு கவலை. கிராமத்து சனங்க தோட்டத்து கூலிக்கு வர பெருசா விரும்பல. அப்புறம் ஆள் தேடி கடல் தாண்டி திருச்சி, புதுக்கோட்டை பக்கம் போனாங்க, மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு காட்டு வழியா நடந்து வந்தது நம்ம பாட்டன் பூட்டன். அவங்க நடந்த தூரத்துக்கு எந்த கல்லுலயும் கணக்கு இல்ல.

பான்ஸ் இங்கேயிருந்து இந்தியாவுக்கு படைத்தளபதியா போனார், பொறகு லண்டன் பார்லிமெண்டுக்கும் போனார், 1838ல செத்துட்டார். சிலை மட்டும் கோட்டையில.